கூட வந்தவர் யார்?

எனக்குக் கைராசி உண்டு. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பதினோரு வருடம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னது. நரம்பு கிடைக்காத குழந்தை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற சிஸ்டர்கள் நாலு தடவை குத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். நான் போய் ஒரே குத்தில் ஊசியை ஏற்றி, குழந்தை வாயைத் திறந்து அழுவதற்குள் பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். டாக்டர்களே தங்கள் வீட்டு ஆட்களுக்கு ரத்தம் எடுக்க என்னைத் தேடி வருவார்கள். ஆகவே எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதையும் நானாகச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் சொன்னது.

இப்படிப்பட்ட கைராசிக்காரி கடல் தாண்டி வந்து பத்து மாதமாகப் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். இங்கே நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இவர்கள் வைக்கும் செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும். அதுவரைக்கும் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நர்ஸ்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்குப் பச்சைச் சட்டை. பச்சைச் சட்டைக்காரர்கள் குளிப்பாட்டலாம், தலை வாரலாம், சக்கர நாற்காலி தள்ளலாம், டீ கொடுக்கலாம். ஊசியை மட்டும் தொடக் கூடாது. ஒரு நாள் நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, படிப்பு முடிந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு பெரியவரின் கையில் கால் மணி நேரம் நரம்பைத் தேடினாள். நான் நின்ற இடத்திலிருந்தே எனக்கு அது தெரிந்தது, மணிக்கட்டுக்கு மேலே நேராக, பச்சையாக. எனக்குக் கை நமநமவென்று அரித்தது. தலையணை உறையை மாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தேர்வு எழுத இரண்டு வாய்ப்புத்தான். இரண்டிலும் விழுந்தால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தேறிவிட்டால் நீலச் சட்டை, நிரந்தர வேலை, குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி. என் வீட்டுக்காரரும் எட்டு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். அவர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறவர். தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றும் வேலை, ஆகவே பொறுமைசாலி. மகள் என்னைக் கொண்டு பிறந்தவள். நான் விமானம் ஏறியபோது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவை முளைத்து வந்ததை நான் ஃபோனில்தான் பார்த்தேன். இனி அவளுக்கு நடக்கப்போகிற எதையும் ஃபோனில் பார்க்கக் கூடாது என்று ஒரே வைராக்கியமாக இருந்தேன்.

முதல் தேர்வுக்கு நான் பயப்படவே இல்லை, அதுதான் வினை. பத்து அறைகள், அறைக்கு எட்டு நிமிடம். சில அறைகளில் ரப்பர் பொம்மை படுத்திருக்கும், சிலவற்றில் நோயாளியாக நடிக்க ஓர் ஆள். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் வெளியே வர வேண்டும். ஐந்து அறைகளை ஊதித் தள்ளினேன். ஆறாவது அறையில் கட்டிலில் ஒருவர் காலில் கட்டுடன் படுத்திருந்தார். கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, புதுக் கட்டுப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கட்டிலின் கால்மாட்டில் இன்னொருவர் கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு கவலையான முகத்துடன் நின்றிருந்தார்.

அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. பதினோரு வருடமாக நான் பார்த்த ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மச்சானோ, மாமனாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாரோ ஒருவர். நோயாளியின் கூட வந்தவர். எங்கள் வார்டில் அறுபது கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தால் வண்டி ஓடாது. அவர் மயக்கத்தில் இருப்பார், அல்லது வலியில் இருப்பார், அல்லது சொன்னதை உடனே மறந்துவிடுவார். கூட வந்தவர் அப்படி இல்லை. சொன்னால் ஓடுவார். ஆகவே வார்டுக்குள் நுழைந்ததும் எங்கள் வாயில் வரும் முதல் வார்த்தையே "கூட வந்தவங்க யாரு?" என்பதுதான்.

"ராத்திரி சரியாத் தூங்கினாரா?" என்று நான் கால்மாட்டில் நின்றவரைக் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பாவம், பயந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கட்டை அவிழ்த்தேன். கட்டிலில் இருந்தவர் "ஸ்ஸ்" என்றார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவர் பக்கம் திரும்பாமலே சொன்னேன். புண்ணைக் கழுவ உப்புநீர்ப் பாட்டிலைத் தேடினால் தட்டில் இல்லை. வண்டியின் கீழ்த்தட்டில் இருந்திருக்கிறது, நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் தட்டில் ஒன்று இல்லை என்றால் எங்குமே இல்லை என்று அர்த்தம். பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் 'உப்புநீர் 1, பஞ்சு 1 கட்டு, கையுறை 2 ஜோடி' என்று எழுதி அவர் கையில் திணித்தேன்.

"கீழ மருந்துக் கடையில வாங்கிட்டு வாங்க. கடைக்காரன் வேற ஏதாவது குடுத்தா வாங்காதீங்க, இதேதான் வேணும்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேர்வு முடியும்வரை தேர்வாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி.

"நின்னுட்டே இருந்தா எப்படிங்க? புண்ணைத் திறந்து வச்சிருக்கேன்ல? ஓடுங்க, ஓடுங்க!"

அவர் ஓடவில்லை. ஆனால் கதவை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தார், அது எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. மணி அடித்தது. அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்கிய அட்டை என் கண்ணில் பட்டது. 'தேர்வாளர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஒன்பது அறைகளில் தேறியிருந்தேன். ஆறாவது அறையில் விழுந்ததால் மொத்தத்துக்கும் தோல்வி. காரணம் இரண்டு வரியில் இருந்தது: 'நோயாளியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தேர்வாளரைக் கடைக்கு அனுப்ப முயன்றார்.'

வீட்டுக்கு ஃபோன் போட்டுப் படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அவர் ஒரு அடி எடுத்து வச்சாரா? நெஜமாவா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கப்புறம் என் அக்காவுக்குச் சொன்னேன், பழைய வார்டு சிஸ்டர்களுக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் கதைக்குக் கையும் காலும் முளைத்தது. கடைசியில் பாவம் அந்தத் தேர்வாளர் மருந்துக் கடை வரைக்கும் போய் வரிசையில் நின்றுவிட்டு வந்துவிட்டார்.

ஆனால் சிரித்தால் மட்டும் போதுமா? இரண்டாவது வாய்ப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. அதுதான் கடைசி. நான் ஏதோ அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் தடுமாறிவிட்டேன், அடுத்த முறை கழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் இல்லத்தில் ஓர் அம்மாள் இருந்தாள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். எல்லோரும் அவளைப் பஸ்காரம்மா என்றுதான் சொல்வார்கள். வாய் நீளம், ஆனாலும் எனக்கு அவளைப் பிடிக்கும், ஏனென்றால் என் வாயும் அப்படித்தான். ஞாயிறுதோறும் அவள் மகன் வருவான். ஐம்பது வயது, வழுக்கை, அம்மாவுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "உங்க அம்மா தண்ணியே குடிக்க மாட்டேங்கறாங்க. காலையிலேர்ந்து அரை டம்ளர்தான். நீங்க கொஞ்சம் சொல்லுங்க. கால் வீக்கம் வேற இருக்கு. செருப்பு இறுக்கமா இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

பஸ்காரம்மா டீக் கோப்பையை டக்கென்று மேஜையில் வைத்தாள்.

"ஏம்மா, நான் என்ன பார்சலா?"

"என்ன சொல்றீங்க?"

"என் கால், என் செருப்பு, என் வாய். அவன்கிட்ட கேக்கற. அவனுக்கு என்ன தெரியும்? நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவ. இறங்கணும்னா ஜனங்க என்னைப் பார்த்துத்தான் மணி அடிப்பாங்க. வழியில போறவனைப் பார்த்து அடிக்க மாட்டாங்க."

மகன் குனிந்து டீயைக் குடித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அக்கறையோடு சொன்னால் இப்படியா என்று வெளியே வந்து கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன். தாழ்வாரத்தில் நாலு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. இங்கே கழுத்தில் அட்டையும் இல்லை, தேர்வும் இல்லை. இருந்தும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் பத்து மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மகன் வந்தால் மகனிடம், மருமகள் வந்தால் மருமகளிடம், யாரும் வராத நாளில் துடைக்க வந்த ஆளிடம். பதினோரு வருடப் பழக்கம் கழுத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். "உள்ள வரலாமா?" என்று கேட்டேன். பஸ்காரம்மா "வா" என்றாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "செருப்பு இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். "தண்ணி ஏன் குடிக்கல?" என்றேன். குடித்தால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, மணி அடித்தால் பச்சைச் சட்டைகள் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகிறது, அதற்குள் அவமானமாகிவிடுகிறது என்றாள். இதை மகனுக்கு முன்னால் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னாள். நான் கேட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானாகவே போய், பாத்ரூம் போக வேண்டுமா என்று அவளைக் கேட்டேன். அவளும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் ஒழுங்காகக் குடித்தாள்.

அன்று மாலையே வீட்டுக்கு ஃபோன் போட்டேன். "ஏங்க, எனக்கு ஒத்திகை வேணும். நீங்கதான் பேஷண்ட்."

"நானா? எனக்கு என்ன வியாதி?"

"தினம் ஒண்ணு."

ஏற்பாடு இதுதான். அவர் கட்டிலில் படுத்துக்கொள்வார். ஃபோனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு மகள் கட்டிலின் கால்மாட்டில் நிற்பாள். அவள்தான் கூட வந்தவர். அவளுடைய வேலை என் கவனத்தைக் கலைப்பது. அவள் என்ன கேட்டாலும் நான் அவள் பக்கம் திரும்பக் கூடாது, பேஷண்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். திரும்பினால் அவளுக்கு ஒரு பாயிண்ட்.

முதல் நாள் பதினேழு பாயிண்ட் எடுத்தாள். "சிஸ்டர், எங்க அப்பா பிழைச்சுக்குவாரா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அவள் கேட்டால் யார்தான் திரும்ப மாட்டார்கள்? என் வீட்டுக்காரர் வேறு காய்ச்சலுக்குக்கூடப் பிரசவ வலி மாதிரி கத்துவார். "நெஞ்சு வலிக்கு அப்படிக் கத்த மாட்டாங்க, மூச்சே வராது" என்று திட்டினால், "அப்ப எனக்கு வேற வியாதி குடு" என்பார். ஒரு நாள் மருந்து வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் நோயாளியாக நடிக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கெஞ்சினேன், அசையவில்லை. "கல்யாணமாகி பத்து வருஷத்துல இன்னைக்குத்தான் உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல சான்ஸ் கெடைச்சிருக்கு, விடுவேனா?" என்றார்.

வாரம் போகப் போக பாயிண்ட் குறைந்தது. பதினேழு பன்னிரண்டானது, பன்னிரண்டு ஐந்தானது. மகள் எல்லா வித்தையும் செய்து பார்த்தாள். விசிலடித்தாள், விழுவது போல் பாசாங்கு செய்தாள், "அம்மா, இன்னைக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துப் பார்த்தாள். நான் மலைபோல் நின்றேன். கடைசி வாரம் முழுவதும் அவளுக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கவில்லை. "பாத்தீங்களா!" என்று அவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவரும் கட்டிலில் படுத்தபடியே கை தட்டினார்.

இரண்டாவது தேர்வு நாள். பஸ்காரம்மா காலையில் என்னைக் கூப்பிட்டு, "ரோட்டைப் பார்த்து ஓட்டு, பின்னாடி ஹாரன் அடிக்கறவனைப் பத்திக் கவலைப்படாத" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே போனேன். பத்து அறைகள், எட்டு நிமிடம். ஏழு அறைகள் நன்றாகவே போயின. எட்டாவது அறைக் கதவைத் திறந்தால், கால்மாட்டில் அதே தேர்வாளர். என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் சட்டென்று ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஒரு மூச்சு இழுத்து விட்டுவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன். நடுத்தர வயதுப் பெண்மணி, காய்ச்சலாம். நோய்த்தொற்றுக்கு ஊசி போட வேண்டும். மருந்து தயாராகத் தட்டில் இருந்தது. கீழ்த்தட்டையும் குனிந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. பெயர் கேட்டேன், கைப்பட்டையைச் சரிபார்த்தேன். மருத்துவக் குறிப்பில் ஒவ்வாமை என்ற இடத்தில் ஏதும் எழுதியிருக்கவில்லை, வெறுமையாக இருந்தது. என்ன ஊசி, எதற்கு என்று சொன்னேன்.

"போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள்.

அந்த ஒரு நொடியில் என் கழுத்து திரும்பியது. ஆமாம், திரும்பியது, பொய் சொல்லவில்லை. கால்மாட்டில் நிற்பவரிடம், 'நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சுவரோடு ஒட்டியிருந்தவர் என்னைவிடப் பதற்றமாக இருந்தார். கழுத்தைப் பிடித்து இழுக்காத குறையாக இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"சரி, போடல. ஏன் வேண்டாம்னு எனக்குச் சொல்றீங்களா?"

அவள் போர்வையின் விளிம்பை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடத்தில் மூன்று போய்விட்டது. பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமே இல்லாத வேலை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

"போன வருஷம் இதே மாதிரி ஒரு ஊசி போட்டாங்க" என்றாள் மெதுவாக. "உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. தொண்டை அடைச்சுது. அப்ப சொன்னேன், யாரும் எழுதிக்கல."

நடிக்கிறாள் என்பதே மறந்துபோயிற்று. ஊசியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டேன். எந்த மருந்து, எவ்வளவு நேரத்தில் தடித்தது, மூச்சுத் திணறியதா என்று அவளையே கேட்டுக் கேட்டு எழுதினேன். இந்த மருந்தைத் தரக் கூடாது, டாக்டரை உடனே கூப்பிட்டு மாற்று மருந்து கேட்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். "நீங்க சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு" என்றேன். அது தேர்வுக்காகச் சொன்னது இல்லை. பதினோரு வருடத்தில் எத்தனை பேர் என்னிடம் 'வேண்டாம்' என்று முனகியிருப்பார்கள், நான் எத்தனை பேரை 'சும்மா படுங்க' என்று அதட்டியிருப்பேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மணி அடித்தது. வெளியே வரும்போது தேர்வாளர் சுவரை விட்டு நகர்ந்து நன்றாக மூச்சு விட்டார்.

பன்னிரண்டாவது நாள் கடிதம் வந்தது. பஸ்காரம்மா அறையில்தான் பிரித்தேன். 'தேர்ச்சி' என்ற வார்த்தையைத் தவிர வேறு எதையும் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. பஸ்காரம்மா கடிதத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். பிறகு அழைப்பு மணியை விடாமல் அடித்தாள். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த நாலு பேரிடமும் செய்தியைச் சொன்னாள்.

மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அங்கே சாயங்காலம். அவர் முகம் தெரிந்தது, தோளுக்குப் பின்னால் மகளின் தலை தெரிந்தது. சொன்னதும் அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கோ வாய் நிற்கவில்லை.

"ஏங்க, கேட்டுக்கோங்க. நாளைக்கே பாஸ்போர்ட் வேலையைப் பாருங்க. அவ ஸ்கூல்ல டீசி கேளுங்க, லேட் பண்ணிடுவாங்க. அவளுக்கு ஷூ சைஸ் என்னன்னு பாருங்க, இங்க நல்லதா கெடைக்கும். அவளுக்குக் கம்பளிச் சட்டை ரெண்டு, பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, அவ தடுப்பூசி அட்டை..."

"அம்மா" என்றாள் மகள் பின்னாலிருந்து.

"...தடுப்பூசி அட்டை பீரோவுல மேல் தட்டுல இருக்கு. அவ மறந்துடுவா, நீங்க ஞாபகமா..."

"அம்மா."

நான் திரும்பவில்லை. இரண்டு மாதம் பாடுபட்டுக் கற்ற வித்தை. அவரைப் பார்த்தே பேசிக்கொண்டு போனேன். சற்று நேரம் கழித்து அவர், "அவ எழுந்து போயிட்டா" என்றார்.

"எங்க?"

"உள்ள. ரெண்டு நாளா ஒரு மாதிரியாத்தான் இருக்கா. கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

அப்போதுதான் நான் வாயை மூடினேன். யார் வரப்போகிறாளோ அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை. சாப்பிட்டாளா, படித்தாளா, தூங்கினாளா, ஒரு வருடமாக எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்டிருக்கிறேன். போதாததற்கு இரண்டு மாதம் தினமும் அவள் என்னைக் கூப்பிடக் கூப்பிடக் காது கேட்காத மாதிரி நின்று, அதற்குக் கைதட்டல் வேறு வாங்கியிருக்கிறேன்.

"ஃபோனை அவகிட்ட குடுங்க. நீங்க பக்கத்துல நிக்க வேண்டாம்."

அவள் முகம் வந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, உனக்கு இங்க வர இஷ்டமா?"

"இல்ல."

'ஏன் இல்ல, இங்க வர எல்லாரும் ஏங்கிட்டு இருக்காங்க' என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். "ஏன்னு சொல்றியா?" என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். இடைவேளை முடிய ஆறு நிமிடம் இருந்தது. காத்திருந்தேன்.

"உனக்கு எல்லாமே தெரியும்னு அப்பா சொல்வாரு. டாக்டரே உன்னைத்தான் கூப்பிடுவாராம். உன்னையே அங்க ஃபெயில் பண்ணிட்டாங்க" என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவங்க பேசறதுகூடப் புரியாது. எல்லாரும் சிரிப்பாங்க. உன்னைப் பத்தி அப்பா கடையில எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அந்த மாதிரி."

நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதையை இவள் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டிருக்கிறாள். சிரிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிடலாம்தான். என் குழந்தையிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சிரிப்பாங்கதான். கொஞ்ச நாள் சிரிப்பாங்க. ஒண்ணு ரெண்டுல ஃபெயில்கூட ஆவே."

"குழந்தைகிட்ட என்னடி இப்படிச் சொல்றே?" என்று அவர் குரல் கேட்டது. பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா?

"நீங்க சும்மா இருங்க. நான் அவகிட்ட பேசிட்டு இருக்கேன்."

மகள் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீ ஃபெயிலானப்ப அழுதியா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

"அழுதேன்."

"எங்க?"

"பஸ் ஸ்டாப்ல. மூணு பஸ் போச்சு, ஏறவே இல்ல. நின்னுட்டே அழுதேன்."

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லடா."

அவள் யோசித்தாள். முளைத்த பற்களால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிதானமாக யோசித்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் வரேன்" என்றாள். "அடுத்த தடவை நீ ஃபெயிலானா நான் கூட இருக்கேன்."

எனக்கு இனிமேல் தேர்வு எதுவும் இல்லை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.